தானியத்தைச் சுத்தம் செய்த ஆதி எந்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவடை எந்திரத்தைப் பற்றியும் கதிரடிக்கும் எந்திரத்தைப் பற்றியும் எழுதுவோர் பலர். அடித்த கதிரிலிருந்து உமியையும் பதரையும் களைவிதையையும் நீக்கி நல்ல மணியை மட்டும் தனியே எடுத்துத் தந்த எந்திரங்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. உழவுக் கருவிகளின் வரலாற்றில் இவற்றுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். இந்த எந்திரங்களைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

தானியத்தைச் சுத்தம் செய்வது என்றால் எதிலிருந்து எதைப் பிரிப்பது?

கதிரை அடித்தவுடன் களத்தில் கிடப்பது தானியம் மட்டுமன்று. துண்டு வைக்கோலும் உமியும் சுணையும், பால் பிடிக்காமல் போன பதரும், அரைகுறையாக முற்றிய கருக்காயும், மண்கட்டியும் சிறு கல்லும், உடைந்த மணியும் நோய்ப்பட்ட மணியும், வயலில் உடன் வளர்ந்த களைகளின் விதையும் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இவற்றுள் ஒவ்வொன்றும் நல்ல மணியிலிருந்து ஏதோ ஒரு வகையில் வேறுபடுகிறது. உமி எடையில் வேறுபடுகிறது. மண் பருமனில் வேறுபடுகிறது. சில களைவிதைகள் நீளத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. கல் அடர்த்தியில் வேறுபடுகிறது. சுத்தம் செய்யும் எந்திரங்களை ஆக்கியவர்கள் இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு பொறியை அமைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே வழியில் பிரிக்கும் எந்திரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

எந்திரம் வருவதற்கு முன்பு இந்த வேலை எப்படி நடந்தது?

காற்றாலும் கையாலும் நடந்தது. நம் களங்களில் முறத்தை உயர்த்திப் பிடித்துக் காற்றுக்குக் குறுக்கே மெல்லச் சரித்துத் தூற்றுவார்கள். மணி காலடியில் குவியும், பதர் தள்ளிப் போய் விழும். வீட்டுக்குள் அதே முறத்தால் புடைத்தும் கொழித்தும் மீதியைப் பிரிப்பார்கள். முறம் வேலை செய்யும் விதத்தைக் கிட்ட நின்று பார்த்தால் அதில் எத்தனை நுட்பம் அடங்கியிருக்கிறது என்பது புரியும். மேல்நோக்கித் தட்டும்போது உமி எழும்பி முறத்தின் வாய்ப்பக்கம் நகர்கிறது. மணி பின்பக்கம் தங்குகிறது. பக்கவாட்டில் அசைக்கும்போது கல்லும் மணியும் வெவ்வேறு மூலைக்கு ஒதுங்குகின்றன. எடை, பருமன், அடர்த்தி ஆகிய மூன்றையும் ஒரே கைவாகில் ஒரு பெண்மணி பயன்படுத்திக்கொள்கிறார். பின்னாளில் வந்த எந்திரங்கள் இவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்துச் செய்தன.

பிரிட்டனில் தானியக் கொட்டில்களை ஒன்றுக்கொன்று எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள் வைத்துக் கட்டினார்கள். நடுவிலிருந்த அடிகளத்தில் கதிரை அடித்துவிட்டு, இரு கதவுகளையும் திறந்து, ஊடே பாயும் காற்றில் தூற்றினார்கள். ஸ்காட்லாந்தில் இதற்கென்றே காற்று வீசும் மேடுகள் இருந்தன. அவற்றுக்கு ஷீலிங் ஹில் என்று பெயர். சல்லடையும் எங்கும் உடனிருந்தது. ஆனால் வேலை எப்போது நடக்க வேண்டும் என்று முடிவு செய்தது காற்றுதான். ‘காற்றுள்ள போதே தூற்றிக்கொள்’ என்று நாம் வாய்ப்பைத் தவறவிடாதே என்னும் பொருளில் சொல்லும் பழமொழி, அறுவடைக் காலத்தில் காற்று நின்றுபோன களத்தில் காத்திருந்தவர்களின் பதைப்பிலிருந்து பிறந்தது.

முதல் தூற்றும் எந்திரம் எங்கே தோன்றியது?

சீனாவில் தோன்றியது. கி.மு. முதல் நூற்றாண்டில் ஷி யோவ் என்பவர் சிறுவர்கள் எழுத்துப் பழகுவதற்காகத் தொகுத்த சொல்நூலில், உலக்கை, திரிகை ஆகிய பெயர்களுக்குப் பக்கத்திலேயே தூற்றும் விசிறியின் பெயரும் வருகிறது. ஒரு சிறுவர் பாடத்தில் இடம்பெறும் அளவுக்கு அது அப்போதே பழகிப்போன பொருளாக இருந்திருக்க வேண்டும் என்று கொள்வதில் தவறில்லை. ஹான் அரசமரபுக் காலக் கல்லறைகளில் இறந்தவரோடு சேர்த்துப் புதைத்த சிறு மண்பொம்மைகளுள் தூற்றும் எந்திரமும் ஒன்று. காலால் மிதித்து இடிக்கும் உலக்கையும், அதன் அருகே கைப்பிடி பொருத்திய விசிறிப் பெட்டியும் ஒரே தளத்தில் நிற்கும் பொம்மைகள் கிடைத்துள்ளன. ஒரு கைப்பிடியைச் சுழற்றி ஓர் அச்சைச் சுற்றச் செய்யும் அமைப்பு உலகில் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதால், உழவு வரலாற்றுக்கு வெளியேயும் இந்தப் பொம்மைகளுக்கு மதிப்பு உண்டு.

11ஆம் நூற்றாண்டில் மெய் யாவ்சென் என்னும் கவிஞர் உழவுக் கருவிகளைப் பாடியபோது இந்த விசிறியையும் பாடினார். 1313இல் வாங் ஜென் எழுதிய வேளாண் நூலிலும், 1637இல் சோங் யிங்ஷிங் வெளியிட்ட தொழில்நுட்ப நூலிலும் இதன் படங்கள் உள்ளன. பிந்தைய படத்தில் உள்ள எந்திரத்தையும், சென்ற நூற்றாண்டு வரை சீனக் கிராமங்களில் சுழன்றுகொண்டிருந்த எந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு எதுவும் தெரியாது.

அந்தப் பெட்டி உள்ளே எப்படி வேலை செய்கிறது?

நான்கு கால்களில் நிற்கும் நீண்ட மரப்பெட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் ஒரு முனை உருண்டையான பறை போல் இருக்கும். பறைக்குள் ஓர் அச்சில் நான்கைந்து மரப்பலகைகள் பூவிதழ் போல் பொருத்தப்பட்டிருக்கும். அச்சின் வெளிமுனையில் கைப்பிடி இருக்கும். பறையின் பக்கச் சுவரில், அச்சைச் சுற்றி நடுவில் மட்டும் ஒரு வட்டத் துளை விட்டிருப்பார்கள். கைப்பிடியைச் சுழற்றினால் பலகைகள் உள்ளிருக்கும் காற்றை விளிம்புக்குத் தள்ளும். நடுத்துளை வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடும். விளிம்பில் சேர்ந்த காற்று வேறு போக்கிடம் இல்லாமல் பெட்டியின் நீளவாக்கில் ஒரே திசையில் பாயும். இன்று நம் ஆலைகளில் ஓடும் மின்விசிறிகள் பலவற்றின் அடிப்படையும் இதுவே.

பெட்டியின் மேலே ஒரு கொட்டுவாய் உண்டு. அதன் அடியில் நகர்த்தக்கூடிய ஒரு பலகை, தானியம் இறங்கும் பிளவை அகலமாகவோ குறுகலாகவோ ஆக்கித் தரும். தானியம் மெல்லிய திரை போல அந்தப் பிளவிலிருந்து காற்றின் குறுக்கே விழுகிறது. கனமான மணி ஏறத்தாழ நேராக விழுந்து முதல் சரிவாய் வழியாக வெளியே வரும். கருக்காய் சற்றுத் தள்ளப்பட்டு இரண்டாம் சரிவாயில் விழும். உமியும் தூசும் பெட்டியின் மறுமுனை வரை அடித்துச் செல்லப்பட்டு வெளியே பறக்கும். முறத்தால் தூற்றும்போது இரண்டாகப் பிரிவதை இந்தப் பெட்டி மூன்றாகப் பிரித்தது. அரைகுறை மணியைக் கால்நடைக்கும் கோழிக்கும் தனியே எடுத்துவைக்க முடிந்தது.

இது சரியாக நடப்பதற்குக் காரணம், பொருள்களுக்கிடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியதாக இருப்பதுதான். கோதுமை மணி ஒன்றை அந்தரத்தில் தாங்கி நிறுத்த நொடிக்கு 7 முதல் 9 மீட்டர் வேகமுள்ள காற்று மேல்நோக்கி வீச வேண்டும்; உமிக்கு 1 முதல் 3 மீட்டரே போதும். இடைப்பட்ட வேகம் எதை வைத்தாலும் உமி போய்விடும், மணி நின்றுவிடும். பதரும் சிறுமணியும் எங்கே பிரிய வேண்டும் என்பதைத்தான் கைப்பிடி பிடித்தவர் தன் காதாலும் கையாலும் முடிவு செய்தார். விசிறியின் இரைச்சல் ஒரே சீராக இருக்க வேண்டும்; வேகம் கூடினால் நல்ல மணியும் பதரோடு போகும், குறைந்தால் பதர் மணிக் குவியலில் விழும். கைப்பிடி சுழற்றுவது யாரும் செய்யக்கூடிய மூடவேலை என்று நினைப்பது பிழை.

ஜப்பானில் இதற்கு என்ன பெயர்? அது எப்படி அங்கே போனது?

தோமி என்பது பெயர். அந்தச் சொல்லை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் நேர்ப்பொருள் ‘சீன முறம்’. எங்கிருந்து வந்தது, எந்த வேலையைச் செய்கிறது ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஜப்பானிய நெல் விவசாயத்துக்குள் வந்து, அடுத்த நூற்றாண்டில் பரவியது. அதே காலத்தில் மங்கொகு தோஷி என்னும் சாய்வுச் சல்லடையும் அங்கே வழக்கத்துக்கு வந்தது. சாய்வாக நிறுத்திய ஒரு வலைத்தட்டின் மேலே அரிசியைக் கொட்டினால், அது தன் எடையாலேயே வழிந்து இறங்கும். வழியில் நொய்யும் சிறுமணியும் வலைக்குக் கீழே விழும். மங்கொகு என்றால் பத்தாயிரம் கொகு. ஒரு கொகு என்பது ஏறத்தாழ 180 லிட்டர். அவ்வளவு தானியத்தைச் சலித்துவிடலாம் என்ற பெருமையைப் பெயரிலேயே ஏற்றிவைத்தார்கள். சுழற்றவும் ஆட்டவும் தேவையில்லாத அந்த எளிய கருவியின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஐரோப்பாவுக்கு இந்த எந்திரம் எவ்வாறு சென்றது?

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆசியக் கடல்வணிகத்தின் வழியாகச் சென்றது. டச்சுக்காரர்கள் ஜாவாவின் பத்தாவியாவிலிருந்து இதைக் கொண்டுபோனார்கள். சுவீடன் நாட்டவர் தென்சீனத் துறைமுகங்களிலிருந்தும், ஏசு சபைத் துறவிகள் பிரான்சுக்கும் கொண்டுசென்றார்கள். சுழலும் விசிறி என்னும் கருத்து ஐரோப்பாவுக்கு அடியோடு புதிது என்று சொல்வதற்கில்லை. 1556இல் அச்சான அக்ரிக்கோலாவின் சுரங்கத் தொழில் நூலில், சுரங்கத்துக்குள் காற்றடிக்கும் சுழல்விசிறிகளின் படங்கள் இருக்கின்றன. ஆனால் சுரங்கத்தில் இருந்ததைத் தானியக் களத்துக்குக் கொண்டுவர அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்காட்லாந்தின் சால்ட்டன் ஊரைச் சேர்ந்த நிலவுடைமையாளர் ஆண்ட்ரூ ஃபிளெட்சர் 1710இல் ஜேம்ஸ் மெய்க்கிள் என்னும் ஆலைத் தச்சரை ஹாலந்துக்கு அனுப்பினார். வாற்கோதுமையைத் தோல் நீக்கி மணியாக்கும் முறையைக் கற்றுவரச் சென்ற அவர், அதோடு தூற்றும் எந்திரத்தின் அமைப்பையும் கற்றுக்கொண்டு திரும்பினார். அதே நாட்டின் ராக்ஸ்பர்க்ஷயரில் ஆண்ட்ரூ ராஜர் என்னும் உழவர் 1737இல் தாமே ஒரு தூற்றும் எந்திரம் கட்டினார். அவருடைய குடும்பத்தார் பல ஆண்டுகள் அவற்றைச் செய்து விற்றார்கள்.

ஐரோப்பியத் தச்சர்கள் சீனப் பெட்டியில் இரண்டு முக்கிய மாற்றங்களைச் செய்தார்கள். ஒன்று, கைப்பிடிக்கும் விசிறி அச்சுக்கும் இடையே பெரிய பற்சக்கரமும் சிறிய பற்சக்கரமும் வைத்தார்கள். கை ஒருமுறை சுற்றினால் விசிறி பலமுறை சுற்றியது. மற்றொன்று, காற்றின் பாதையிலேயே, கைப்பிடியோடு இணைந்து தானே குலுங்கும் சல்லடைகளைப் பொருத்தினார்கள். காற்று எடையைப் பார்த்தது, சல்லடை பருமனைப் பார்த்தது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தன. மேல் சல்லடையின் கண் பெரிதாக இருக்கும். வைக்கோல் துண்டும் கட்டியும் அதன் மேலே நின்று வெளியே போகும், மணி கீழே விழும். கீழ்ச் சல்லடையின் கண் சிறிது. அதில் மணி நிற்கும், மண்ணும் சிறுவிதையும் இறங்கும். இன்று விதை நிலையங்களில் ஓடும் காற்றுச் சல்லடை எந்திரமும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது.

தூற்றும் எந்திரத்துக்கு மதவாதிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். காற்று இறைவன் அனுப்புவது, அதை மனிதன் பெட்டிக்குள் உண்டாக்குவது தெய்வ நிந்தை என்று ஸ்காட்லாந்தின் கடுமையான சமயப் பிரிவினர் சிலர் எண்ணினார்கள். ‘சாத்தானின் காற்று’ என்று அதைப் பழித்தார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. காற்று வருமா என்று மேட்டில் நின்று வானத்தைப் பார்ப்பதும், வந்தபோது நன்றி சொல்வதும் தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய வழிபாட்டோடு கலந்துவிட்டவை. அதை ஒரு கைப்பிடி வந்து தேவையற்றதாக்கியபோது அவர்கள் கலங்கியதில் வியப்பில்லை. எனினும் அந்த எதிர்ப்பு நீண்ட நாள் நிற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் தூற்றும் எந்திரம் வழக்கமான பொருளாகிவிட்டது.

கதிரடிக்கும் எந்திரமும் தூற்றும் எந்திரமும் ஒன்றா?

இல்லை. கதிரடிக்கும் எந்திரம் மணியைக் கதிரிலிருந்து உதிர்க்கிறது. தூற்றும் எந்திரம் உதிர்ந்ததைச் சுத்தம் செய்கிறது. தொடக்கத்தில் இவை வெவ்வேறு பெட்டிகள். ஜேம்ஸ் மெய்க்கிளின் மகன் ஆண்ட்ரூ மெய்க்கிள் 1786இல் செம்மையாக வேலை செய்யும் கதிரடிக்கும் எந்திரத்தைக் கட்டி, 1788இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தந்தை கொண்டுவந்தது தூற்றும் விசிறி, மகன் ஆக்கியது கதிரடிக்கும் உருளை. பின்னாளில் உருளைக்கு அடியிலேயே விசிறியைப் பொருத்தியபோது இருவர் வேலையும் ஒரே பெட்டிக்குள் அடங்கியது.

இவ்விரண்டையும் தொழிலாளர்கள் வரவேற்ற விதத்திலும் பெரிய வேறுபாடு உண்டு. 1830 ஆகஸ்ட் 28 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் லோயர் ஹார்ட்ரஸ் என்னும் ஊரில் கூலித் தொழிலாளர்கள் கதிரடிக்கும் எந்திரம் ஒன்றை உடைத்தார்கள். அது சுவிங் கலகம் என்ற பெயரில் தென்னிங்கிலாந்து முழுவதும் பரவியது. கலகம் அடங்கியபின் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்; ஏறத்தாழ 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். குளிர்காலத்தில் கொட்டிலுக்குள் தடியால் கதிரடிப்பதுதான் அந்த மக்களுக்கு மாதக்கணக்கில் கிடைத்த ஒரே கூலி வேலை. எந்திரம் அவர்கள் வயிற்றில் அடித்தது. தூற்றும் பெட்டி பெரும்பாலும் அவர்கள் கோபத்துக்கு ஆளாகவில்லை. தூற்றுவது கதிரடிப்பதைப் போல மாதக்கணக்கில் நீளும் வேலையன்று. காற்று வராமல் தேங்கும் வேலை மட்டுமே. ஒருவர் கூலியைப் பறிக்காமல் காத்திருப்பை மட்டும் பறித்த எந்திரம் அது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் இரண்டும் விரைவில் ஒன்றாயின. மெயின் மாநிலத்தின் விந்த்ராப் ஊரில் ஹைரம் பிட்ஸ், ஜான் பிட்ஸ் என்னும் சகோதரர்கள், அடித்தல், வைக்கோல் பிரித்தல், தூற்றல் ஆகிய மூன்றையும் தொடர்ச்சியாகச் செய்யும் எந்திரத்துக்கு 1837 டிசம்பர் 29 அன்று காப்புரிமை பெற்றார்கள். இன்றைய கூட்டு அறுவடை எந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பது அந்த வரிசையேதான்.

காற்றாலும் சல்லடையாலும் பிரிக்க முடியாதவற்றை என்ன செய்தார்கள்?

கோதுமை மணியும் சில களைவிதைகளும் அகலத்தில் ஒன்றாகவும் எடையில் நெருக்கமாகவும் இருக்கும். நீளத்தில் மட்டும் மாறுபடும். இவற்றைப் பிரிக்க 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் லியோன் நகரத்தில் வாஷோன் என்பவர் பெயரால் அறியப்பட்ட ஓர் உருளை வந்தது. மெதுவாகச் சுழலும் உலோக உருளையின் உட்சுவர் முழுவதும் சிறு குழிகள் இருக்கும். உருண்டை விதையும் அரைமணியும் குழிக்குள் முழுதாக அமர்ந்து மேலே தூக்கிச் செல்லப்பட்டு, நடுவிலிருக்கும் தொட்டியில் விழும். முழுக் கோதுமை நீளமாக இருப்பதால் குழியில் அடங்காமல் வழியிலேயே வழுக்கி விழுந்து உருளையின் அடியிலேயே நகர்ந்து வெளியேறும். எடையையோ பருமனையோ கணக்கில் எடுக்காமல் நீளத்தை மட்டும் பார்க்கும் இந்த யோசனையை நான் எந்திரவியலின் அழகான யோசனைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

கரிப்பூட்டை நோய் தாக்கிய கோதுமைக்கு வேறு எந்திரம் தேவைப்பட்டது. அந்நோய் கண்ட மணி உடையும்போது மீன் அழுகிய நாற்றமடிக்கும் கரும்பொடி வெளிப்பட்டு நல்ல மணிகளின் மேலும் ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான உருளைக்குள் மணியைச் சுழற்றி உரசி, பொடியைக் காற்றால் இழுத்துவிடும் துலக்கு எந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆலைகளில் பரவலாக இருந்தன. அதே நூற்றாண்டின் 1870களில் அறுவடைக் கட்டுகளைக் கம்பியால் கட்டும் எந்திரங்கள் வந்தபோது, கம்பித் துண்டுகள் தானியத்தோடு ஆலைக்குள் வந்து சேர்ந்தன. ஆலைக்காரர்கள் தானியம் வழிந்து இறங்கும் பாதையில் காந்தங்களை வைத்தார்கள். பின்பு கம்பிக்குப் பதில் நூல்கயிறு வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. காந்தம் மட்டும் ஆலையிலேயே தங்கிவிட்டது.

இந்த எந்திரங்கள் களைகளை எப்படிப் பாதித்தன?

இதைத்தான் அதிகம் பேர் கேட்க வேண்டும், ஆனால் சிலரே கேட்கிறார்கள். விதைநெல்லையோ விதைக் கோதுமையோ சுத்தம் செய்யாமல் விதைத்தால், சென்ற ஆண்டின் களையை இந்த ஆண்டு நாமே விதைக்கிறோம். ஐரோப்பிய வயல்களில் அக்ரோஸ்டெம்மா என்னும் ஒரு களை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே வாழ்ந்தது. அழகிய ஊதா நிறப் பூ. கருத்த, நச்சுத்தன்மை கொண்ட விதை. ஏறத்தாழ கோதுமையின் அகலமே அதற்கும் இருந்ததால் சல்லடையில் பிரியவில்லை. மாவில் கலந்து ரொட்டியைக் கசக்கச் செய்தது, மிகுந்தால் உண்டவரை நோயில் தள்ளியது. ஆனால் அந்த விதைக்கு ஒரு பலவீனம் இருந்தது. பல களைவிதைகள் மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு உறங்கும். இதனால் அப்படி உறங்க முடியாது. ஆண்டுதோறும் மனிதன் கையால் விதைக்கப்பட்டால்தான் பிழைக்கும். விதையைச் செம்மையாகச் சுத்தம் செய்யத் தொடங்கியவுடன் அதை விதைக்க ஆளில்லாமல் போயிற்று. ஒரு காலத்தில் எங்கும் தென்பட்ட அந்தச் செடி, 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் வயல்களிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிட்டது.

இதற்கு நேரெதிரான நிகழ்வும் உண்டு. ஆளிவிதை வயலில் வளரும் காமெலினா என்னும் களையின் ஒரு வகை, தூற்றும்போது ஆளிவிதை விழும் தொலைவிலேயே விழும்படியான விதையைக் கொண்டிருக்கிறது. யாரும் அதைத் திட்டமிட்டு வளர்க்கவில்லை. தூற்றும்போது வெகுதூரம் பறந்தவை வெளியே போயின; ஆளிவிதையோடு அருகருகே விழுந்தவை அடுத்த ஆண்டு மீண்டும் விதைக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக நடந்த அந்தத் தேர்வில், களை பயிரின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. மைசூர்ப் பருப்பு வயல்களில் பயறு இனத்தைச் சேர்ந்த ஒரு களை உருண்டை விதையை விட்டுப் பருப்பைப் போலத் தட்டையான விதையைக் கொண்டதாக மாறியிருப்பதும் இப்படித்தான். ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவ் இத்தகைய மாற்றங்களை ஆராய்ந்ததால், களை பயிரைப் போல வேடமிடும் இந்த நிகழ்வுக்கே அவர் பெயர் வைக்கப்பட்டுள்ளது. கோதுமையை ஒத்த ரை என்னும் தானியமே கோதுமைக்கு நடுவே களையாக வளர்ந்து, பின்பு தனிப் பயிராக உயர்ந்தது என்பது அவருடைய விளக்கம். ஆக, முறமும் தூற்றும் பெட்டியும் தானியத்தைத் தேர்ந்தெடுத்தது போலவே களையையும் தேர்ந்தெடுத்தன.

மாவு ஆலைகளில் பயன்பட்ட சுத்திகரிப்பு எந்திரம் என்பது எது?

அமெரிக்காவின் மினசோட்டாவில் விளைந்த வசந்தக் கோதுமை கெட்டியானது. அதன் தவிடு எளிதில் நொறுங்கி மாவோடு கலந்து நிறத்தைக் கெடுத்தது. அதனால் அதற்கு விலை குறைவு. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் எட்மண்ட் லக்ருவா என்னும் பிரெஞ்சுக்காரர் மினியாபொலிஸின் வாஷ்பர்ன் ஆலையில் ஓர் எந்திரத்தை அமைத்தார். அரைபட்ட ரவையை ஆடும் பட்டுச் சல்லடைமேல் ஓடவிட்டு, கீழிருந்து மெல்லிய காற்றை மேலே செலுத்தினால், தவிட்டுத் தூள் மிதந்து விலகும், கனமான ரவை சல்லடையில் இறங்கும். அந்த ரவையை மீண்டும் அரைத்தால் வெண்ணிற மாவு கிடைக்கும். மதிப்பில்லாத கோதுமை சில ஆண்டுகளில் விலையுயர்ந்த கோதுமையாயிற்று. களத்தில் தூற்றிய அதே காற்றைத்தான் இங்கே ரவைக்கும் பயன்படுத்தினார்கள்.

ஆனால் மிதந்த தூள் எங்கே போகிறது என்பதில் போதிய கவனம் செலுத்தவில்லை. 1878 மே 2 அன்று அந்த நிறுவனத்தின் பெரிய ஆலை வெடித்துச் சிதறியது. 18 பேர் உயிரிழந்தார்கள். அருகிலிருந்த ஆலைகளும் அழிந்தன. தானியம் இல்லாமல் உரசிய திரிகைக் கற்களிலிருந்து எழுந்த பொறி, காற்றில் நிறைந்திருந்த மாவுத்தூளைப் பற்றியது என்று விசாரணை கண்டது. அதன் பின்புதான் தூசியைத் தனியே இழுத்துச் சேகரிக்கும் ஏற்பாடு ஆலைகளில் கட்டாயத் தேவையாக உணரப்பட்டது.

கல்லைப் பிரிக்கும் எந்திரம் எப்படி வந்தது?

மணியளவே உள்ள கல்லைச் சல்லடை பிரிக்காது. சற்றே சாய்ந்த தட்டு ஒன்றைக் குலுக்கி, அதன் துளைகள் வழியாகக் கீழிருந்து காற்றைச் செலுத்தினால், மணி காற்றில் மிதந்து சரிவில் கீழே வழியும். கனமான கல் தட்டைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், குலுக்கலில் மேட்டுப்பக்கம் ஏறிச் செல்லும். 20ஆம் நூற்றாண்டில் அரிசி ஆலைகளுக்கு வந்த கல்நீக்கி இந்த முறையில்தான் இயங்குகிறது. முறத்தில் கொழிப்பவர் கையில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

எந்திரமே இல்லாமல் விதையைத் தரம் பிரிக்க வழி உண்டா?

உண்டு. நீரில் உப்பைக் கரைத்து, அதில் புதுக் கோழிமுட்டை மிதக்கும் நிலை வரும் வரை உப்பைக் கூட்டி, பின்பு விதைநெல்லைக் கொட்டினால், பதரும் கருக்காயும் மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். மிதந்ததை அள்ளி நீக்கிவிட்டு, அடியில் உள்ளதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவிவிட வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். தமிழ்நாட்டு உழவர்களுக்கு வேளாண்துறை இதைப் பல்லாண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறது. ஜப்பானில் யோகோயி தொகியோஷி 1882இல் இதே உப்புநீர் முறையை அறிமுகப்படுத்தினார்.

கையால் சுழற்றும் பழைய தூற்றும் எந்திரம் கிடைத்தால் இன்றும் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம், சிறுதானியமோ விதைத் தானியமோ சிறு அளவில் கையாள்பவர்களுக்கு அது இன்றும் ஏற்றது. முதலில் பறைக்குள் கைவிட்டு விசிறிப் பலகைகள் சுவரில் உரசாமல் சுழல்கின்றனவா என்று பாருங்கள். மரம் ஈரத்தில் பருத்திருந்தால் வெயிலில் காயவைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். சல்லடைகள் இருந்தால் அவற்றின் கண்ணைத் தானியத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கொட்டுவாய்ப் பிளவை மிகக் குறுகலாக வைத்துத் தொடங்கி, ஒரு மரக்கால் தானியத்தை ஓட்டி, பதர்க் குவியலில் கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். அதில் நல்ல மணி தட்டுப்பட்டால் சுழற்சியைக் குறைக்க வேண்டும். மணிக் குவியலில் பதர் தெரிந்தால் கூட்ட வேண்டும். இரண்டும் சரியான பின்பு பிளவைச் சிறிது சிறிதாக அகலப்படுத்தலாம். பெட்டியின் திறந்த முனை, இயற்கைக் காற்று போகும் திசையை நோக்கியே இருக்கட்டும். எதிர்க்காற்றில் வைத்தால் வெளியேறிய உமி முழுவதும் சுழற்றுபவர் முகத்துக்கே திரும்பி வரும்.